திராட்சை மணக்கும் சுருட்டு: யாரைத் தண்டிப்பது?

அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பதினைந்து வயது மாணவனின் பையில் சுருட்டு அகப்படுகிறது. அவனைப் பள்ளியை விட்டு அனுப்புவது நியாயமா?

சுருட்டு என்றதும் திண்ணைத் தாத்தாவை நினைக்க வேண்டாம். அங்கே பிள்ளைகளிடம் புழங்குவது பெரும்பாலும் சிகரெட்டைவிடச் சற்றே பருத்த சின்னச் சுருட்டு. திராட்சை, வனிலா என்று மணமூட்டி, இரண்டு 99 சென்ட் என உறையிலேயே அச்சடித்து விற்ற சரக்கு. பலர் அதைக் கீறி, உள்ளிருக்கும் புகையிலையைக் கொட்டிவிட்டுக் கஞ்சாவை அடைக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘பிளண்ட்’. மேலுறையும் புகையிலைதான். ஆகவே ‘நான் சிகரெட்டைத் தொடுவதே இல்லை, கஞ்சா மட்டும்தான்’ என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைக்கும் நிகோடின் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சரக்கு கடையில் நிலைத்தது தற்செயலாக அல்ல. 2009இல் வந்த புகையிலைச் சட்டம் பழ மணம், மிட்டாய் மணம் சேர்த்த சிகரெட்டுகளைத் தடை செய்தது. பிள்ளைகளை இழுக்கிறது என்பதுதான் காரணம். சுருட்டை அந்தத் தடை தொடவில்லை. காகிதத்தில் சுற்றினால் குற்றம், புகையிலைத் தாளில் சுற்றினால் வியாபாரம்! அதே ஆண்டு சின்னச் சுருட்டின் வரி சிகரெட்டுக்கு இணையாக உயர்ந்தபோது, உற்பத்தியாளர்கள் எடையைக் கொஞ்சம் கூட்டி, ‘பெரிய சுருட்டு’ என்ற வகைக்குள் நுழைந்து வரியைக் குறைத்துக்கொண்டார்கள். உணவு, மருந்து நிர்வாகத்தின் பிடிக்குள் சுருட்டு வந்ததே 2016இல்தான். மணமூட்டிய சுருட்டைத் தடை செய்ய 2022இல் அந்த நிர்வாகம் முன்வைத்த விதி, 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. கலிபோர்னியா தானே ஒரு தடை கொண்டுவந்தது. அதிலும் விலை உயர்ந்த சுருட்டுக்கு விலக்கு உண்டு. பணக்காரர் வாய்க்கு ஒரு நீதி என்று கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை கதவுகளைத் திறந்து வைத்த பெரியவர்கள், உள்ளே நுழைந்த பிள்ளையை மட்டும் பிடித்து நிறுத்தினால் அது என்ன நீதி?

பையைச் சோதிக்கும் உரிமை பள்ளிக்கு உறுதியானதே ஒரு வழக்கில்தான். 1980இல் நியூ ஜெர்சியின் பிஸ்காட்டவே பள்ளிக் கழிப்பறையில் 14 வயது மாணவி ஒருத்தி புகைத்ததாகப் பிடிபட்டாள். அவள் மறுத்தாள். துணைத் தலைமையாசிரியர் கைப்பையைத் திறந்தார். சிகரெட்டும் சுருட்டும் தாளும் இருந்தன. மேலும் துருவியபோது கஞ்சாவும், அவளுக்குப் பணம் தரவேண்டிய மாணவர்களின் பட்டியலும் கிடைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நியாயமான சந்தேகம் இருந்தால் பள்ளி பையைச் சோதிக்கலாம் என்று 1985இல் தீர்ப்பாயிற்று. பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: அந்தப் பள்ளியில் மாணவர்கள் புகைப்பதற்கென்றே இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவள் செய்த தவறு புகைத்தது அல்ல, தவறான இடத்தில் புகைத்தது.

மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. ஒளித்து வைப்பவனுக்குத் தவறு என்று தெரிந்தே இருக்கிறது. பெரியவர்களின் குற்றம் அவன் குற்றத்தை அழித்துவிடாது. சக மாணவர்களுக்கு விற்பவனைப் புகைப்பவனோடு ஒன்றாக வைக்கவும் முடியாது. அடுத்த பிள்ளையைக் காப்பதும் பள்ளியின் கடமைதான். ஆனால் தண்டனைக்கும் ஒரு தகுதி வேண்டும். பள்ளியை விட்டு விலக்கப்பட்ட பிள்ளை பகல் முழுவதும் எங்கே இருப்பான்? சுருட்டு விற்கும் கடையோரத்தில்தான். மணமூட்டிய புகையிலைக்குத் தடை என்றால் போலீஸ் வரும், அது கறுப்பின இளைஞர் மீதே பாயும் என்று அங்குள்ள சில உரிமை அமைப்புகள் அஞ்சுவதையும் தள்ளிவிட முடியாது.

நிலைமை திருந்தாமலும் இல்லை. அரசின் ஆய்வுப்படி 1997இல் உயர்நிலைப் பள்ளி மாணவரில் 22 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாளில் சுருட்டுப் பிடித்திருந்தார்கள். 2019இல் அது 5.7 சதவீதம்.

எனவே சுருட்டைப் பறிக்கட்டும், பெற்றோரை அழைக்கட்டும், பழக்கத்தை விட உதவட்டும். பள்ளிக் கதவை மட்டும் சாத்த வேண்டாம். தண்டனை கடைக்காரரிடமிருந்தும் உற்பத்தியாளரிடமிருந்தும் தொடங்க வேண்டும். 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்கக் கூடாதென 2019 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: அதில் குற்றவாளி விற்றவர், வாங்கிய பிள்ளை அல்ல.