குதிகால் வரை



இன்று நாம் கேட்ட நற்செய்தியில், பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவரிடம் கூட்டிவருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்ணைத் தொட்ட பிறகு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் மரம்போலத் தெரிவதாக அவர் சொன்னதும் மறுபடியும் கை வைக்கிறார். இப்படி இரண்டு முறை தொட்டுக் குணமாக்கியதை மாற்கு மட்டுமே எழுதியிருக்கிறார்.

தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நோயாளியைச் சோதிக்க ஒரு வரிசை உண்டு. பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும். அழுத்தினால் குடலின் சத்தம் மாறிவிடும் என்பதால், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்ட பிறகே கை வைப்பார்கள். நோயாளி வீட்டு வாசலிலேயே ஆலோசனையை ஆரம்பித்துவிடுகிற நமக்கு, முதலில் கேட்கிற இந்தப் பழக்கம் தேவைதான்.

திருச்சபையிலும் ஒரு வரிசை இருந்தது. பழைய நோயில்பூசுதல் சடங்கில் குரு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எண்ணெய் பூசிக்கொண்டே போவார். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நெற்றி, கைகள் என்று சுருக்கினார். சுருக்கியது சரிதான். ஆனால் காலைத் தொடுகிற வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள்? பாலியேட்டிவ் நர்ஸ்கள்.

டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலிதணிப்பு அமைப்பு நம் நகரத்தில்தான் இருக்கிறது. 2008-இல் கேரள அரசு வலிதணிப்புக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. உள்ளாட்சி நர்ஸ்கள் வீடு தேடி வருகிறார்கள். ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். முடியை விலக்கிப் பின்மண்டையைப் பார்ப்பார்கள். நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகின் அடியையும் இடுப்பெலும்பையும் பார்ப்பார்கள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. சர்க்கரைக்காரர் என்றால் கால்விரல் இடுக்குகள் ஒன்றுவிடாமல். கடைசியில் குதிகால். அடுத்த முறை வந்தாலும் அதே இடங்களை மறுபடி பார்ப்பார்கள், பெத்சாய்தாவில் ஆண்டவர் பார்த்ததுபோல.

நாமோ, மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். கால்மாட்டில் நின்று, "இப்ப பரவாயில்லையே, முகம் தெளிஞ்சிருக்கே" என்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. போர்வைக்குள் இருப்பதை அவர் வெட்கப்பட்டுக் காட்டமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். எசாயா முதல் அதிகாரத்தில் கடவுள் தம் மக்களை உள்ளங்காலில் தொடங்கித் தலைவரை பார்க்கிறார். யாரும் கட்டாமல், எண்ணெய் இடாமல் விட்ட புண்களையெல்லாம் சொல்கிறார். கோபமாகத்தான் பேசுகிறார், ஆனால் எதையும் பார்க்காமல் விடவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால், இன்று போனதும் அவரிடம் கேட்டுவிட்டுப் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். தோல் பிரிந்திருந்தால் நாளைக்கென்று தள்ளாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.