ஜரிகைக்குள்ளே இருப்பது



ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே நானும் என் மனைவியும் நகைகளைக் கழற்றிவிட்டோம். ஆனால் செவிலிமேட்டில் எங்கள் தறியில் தினமும் ஓடுகிறது பொன் ஜரிகைதான். "பிரதர், நாம போடாத பொன்னை அடுத்தவங்களுக்கு நெய்து கொடுக்கலாமா?" என்று ஒரு வாலிபத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆசாரியனுடைய ஏபோத்திலேயே பொன் இழை சேர்ந்திருந்ததை யாத்திராகமம் 39-ல் பார்க்கிறோம். ஆகையால் நெய்வது பாவமென்று எனக்குத் தோன்றவில்லை. என்னை உறுத்தினது வேறு.

அசல் ஜரிகை என்பது என்ன? வெள்ளிக் கம்பியை மெல்லிசாக இழுத்து, தட்டையாக்கி, சிவப்புப் பட்டுநூல்மேல் சுற்றி, பொன்முலாம் பூசுகிறார்கள். அதில் பொன் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை! ஆனாலும் முந்தானை முழுக்க மின்னுகிறது. பொன்னின் குணம் அப்படி. ஒரே ஒரு கிராமை ஏறக்குறைய 1 சதுர மீட்டர் தகடாக அடித்துப் பரப்பலாம். 2 கிலோமீட்டருக்கு மேல் கம்பியாக இழுக்கலாம். தண்ணீரும் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. வெள்ளியோ காற்றிலுள்ள கந்தகம் பட்டால் கறுத்துப்போகும்.

இந்த நல்ல குணமே சோதனையுமாகிறது. அதே பூச்சு செம்பின்மேலும் மின்னுமே!

ஒரு வருஷம் ஒரு வியாபாரி செம்பு ஜரிகை கொடுத்து, "நெய்துடுப்பா, அசல்னு போயிடும்" என்றார். இரண்டு புடவை நெய்தேன். பொய் சொல்கிறவர் அவர், நான் கூலிக்காரன் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னேன். வாய் பேசவில்லை, வாஸ்தவம், கை பேசினதே.

பிறகு ஒருநாள் தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்ற சத்தம் கேட்டது. எதற்கு வாங்குகிறார்கள்? ஜரிகையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். 962 டிகிரியில் அது உருகும். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கல்யாணப் புடவையைக் கொண்டுவருகிற ஒரு தாய்க்கு அந்த வெள்ளிதான் காசு. என் புடவையைக் கொண்டுவருகிறவளுக்கு என்ன கிடைக்கும்? செம்பு.

அன்றைக்கே மூன்றாவது புடவைக்கான ஜரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதம் வேலை இல்லை. கர்த்தர் போஷித்தார், ஆனால் கஷ்டப்பட்டோம். அதை மறைக்க மாட்டேன்.

சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். யாரிடத்தில் வாங்கினான் என்பது அவனுக்குத் தெரியும். என்னுடைய அந்த இரண்டு புடவைகள் எந்த வீட்டுப் பெட்டியில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.