யாருடைய வேகம்?

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை மிதித்துத் திரும்புகிறவர்கள், வெயில் ஏறுமுன் ஏதாவதொரு டீக்கடை வாசலில் கூடுவது வழக்கம். கூட்டத்தில் யாரிடமாவது புதிய கார்பன் ரோடு பைக் இருந்துவிட்டால், டீ வருவதற்குள் ஒரு சடங்கு நடந்து முடிந்துவிடும். ஒருவர் பின் ஒருவராக வந்து வண்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஃப்ரேமின் மேல் குழாய்க்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்தால் போதும், இரண்டு சக்கரங்களும் தரையை விட்டு எழுந்துவிடும். "என்ன வெயிட்ணா வருது?" "பெடலோட சேத்து ஏழே முக்கால்." இதைச் சொல்லும்போது உடையவரின் முகத்தில் படரும் ஒளி நமக்குப் புதிதன்று. புது வீடு, மகனின் மதிப்பெண், அச்சாகி வந்த புத்தகம் என்று ஏதோ ஒன்றைப் பிறர் முன் நீட்டிக்கொண்டு நாமும் அந்த ஒளியோடு நின்றவர்கள்தான்.

அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகிழ்ச்சி சாட்சி தேடும். பார்ப்பதற்கு நாலு பேர் இல்லாத மகிழ்ச்சி பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அடுத்து ஒரு கேள்வி வருகிறது: "எப்படிணா இருக்கு, வாங்கலாமா?" இந்த இடத்தில் காட்டுதல் முடிந்து மதிப்பிடுதல் தொடங்குகிறது. கேட்பவன் இந்தப் பதிலை நம்பி ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கப் போகிறவனாக இருக்கலாம். பழைய வண்டியைவிட வேகம் கூடியிருக்கிறது, ரோட்டின் அதிர்வே தெரிவதில்லை, ஏற்றத்தில் தானாக ஏறுகிறது என்கிறார் உடையவர். ஒவ்வொன்றையும் மனமார நம்பித்தான் சொல்கிறார். ஆனாலும் ஒவ்வொன்றிலும் யாருக்கோ சேர வேண்டிய பெருமை வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

எடையையே எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், அரும்பாடுபட்டுக் குறைத்த ஒரு கிலோ அதில் எண்பதில் ஒரு பங்கு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஒரு மணி நேரம் ஏறுகிறவருக்கு அது முக்கால் நிமிடத்தை மிச்சப்படுத்தலாம். சமதளமான கடற்கரைச் சாலையிலோ அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அங்கே மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்களின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. அந்தக் காற்றை எதிர்த்து நிற்பதில் வண்டியைவிட அதன்மேல் இருக்கும் உடம்புக்கே பங்கு அதிகம். அதிர்வு குறைந்ததற்கு ஃப்ரேமைப் புகழ்கிறோம். முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் இறுக்கமாகக் காற்றடித்து ஓட்டியவர், இப்போது 28 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார் என்பது நினைவுக்கு வருவதில்லை. மார்கழியில் வாடைக்காற்று முதுகைத் தள்ள மாமல்லபுரம் போய்ச் சேர்ந்த வேகமும் வண்டியின் கணக்கிலேயே வரவாகிறது.

இந்தக் கணக்கை உலகறியத் தீர்த்துப் பார்த்த ஒருவர் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் போர்ட்மன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், லோட்டஸ் நிறுவனம் உருவாக்கிய கார்பன் வண்டியில் அவர் தங்கம் வென்றபோது, ஓட்டியவருக்கு இணையாக வண்டியும் பேசப்பட்டது. சைக்கிள் உலகில் 'ஒரு மணி நேரச் சாதனை' என்றொரு தனிப் போட்டி உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒற்றை ஆளாக எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதுதான் அது. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல், எஃகுக் குழாயால் ஆன வண்டியில், மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் போனார். கைகளை முன்னே நீட்டிக் காற்றைக் கிழிக்கும் புதிய இருப்பில், புதிய வண்டியில், போர்ட்மன் 1996இல் மான்செஸ்டரில் 56.375 கிலோமீட்டர் போனார். பிறகு, மெர்க்ஸ் ஓட்டியது போன்ற வண்டியில் போனால்தான் சாதனை என்று உலக சைக்கிள் சங்கம் 2000ஆம் ஆண்டில் முடிவு செய்தது. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த போர்ட்மன், உருண்டைக் குழாய்களும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட பழைய பாணி வண்டியில் அதே மான்செஸ்டரில் மீண்டும் ஏறினார். ஒரு மணி நேரத்தின் முடிவில் 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். தன் பழைய அளவைவிட ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் குறைவு.

அந்த ஏழு கிலோமீட்டரும் வண்டிக்கும் இருப்புக்கும் மட்டுமே உரியவை என்று சொல்லிவிட முடியாது. இடையில் நான்கு வயது கூடியிருந்தது. மெர்க்ஸுக்கோ உயரமான மெக்சிகோ நகரின் மெல்லிய காற்று உதவியது. என்றாலும் ஒரு மனிதர், வென்று முடித்த பிறகு, தன்னைத் தூக்கிவிட்ட கருவியிலிருந்து தானே இறங்கி, எல்லோரும் பார்க்கத் தன் பங்கை அளக்க ஒப்புக்கொடுத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை மேலிடுகிறது. நம்மில் எத்தனை பேர் அதற்குத் துணிவோம்? படித்த கல்லூரியின் பெயரையும், அமர்ந்திருக்கும் நாற்காலியையும், அப்பா விட்டுப்போன வீட்டையும், நாம் பிறந்த காலத்தில் பின்னிருந்து வீசிய காற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சியிருப்பதைக் கொண்டு ஒரு மணி நேரம் ஓடச் சொன்னால், மிஞ்சும் அந்தப் பத்து மீட்டரை நாம் நம்முடையது என்று அமைதியாக ஏற்றுக்கொள்வோமா?

'நான்' என்பதை அகப்பற்று என்றும் 'எனது' என்பதைப் புறப்பற்று என்றும் நம் பெரியவர்கள் பிரித்தார்கள். புதிதாக வாங்கிய பொருளின் முன் நிற்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்துபோகிறது. வண்டியைக் குறை சொன்னால் வலிக்கிறது. அதைப் புகழ்ந்தால் நமக்கு மாலை விழுந்ததாகத் தோன்றுகிறது. கொடுத்த விலை நியாயம்தான் என்று ஊரும் ஒப்ப வேண்டும் என்ற ஏக்கம் உள்ளே இருக்கும்வரை, கண் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளில் தெரியும் தன்னையே பார்க்கிறது. ஆகவே மதிப்பிடுதல் அறிவின் வேலையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது நீதி செய்யும் வேலையும் ஆகிறது: உடம்புக்கு உரியதை உடம்புக்கும், டயருக்கு உரியதை டயருக்கும், காற்றுக்கு உரியதைக் காற்றுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, கடைசியில் மிஞ்சுவதைப் பொருளுக்குக் கொடுக்கும் நீதி.

அப்படிப் பங்கிட்டால் பொருள் சிறுத்துப்போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அப்போதுதான் அதன் உண்மையான அருமை தெரியவரும். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ள கரிம இழைகள், பிசின் ஊறிய தாள்களாகத் தொழிற்சாலைக்கு வருகின்றன. தைவானிலும் சீனாவிலும் யாரோ சிலர் அவற்றை நூற்றுக்கணக்கான துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் குறித்த திசையில், குறித்த வரிசையில் கையால் படியவைத்து, அச்சுக்குள் வேகவைக்கிறார்கள். இழை ஓடும் திசையில் இழுத்தால் எஃகையும் மிஞ்சும் அந்தப் பொருள், குறுக்கே இடிபட்டால் தளர்ந்துவிடும். எனவே எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழவழப்பான பெயின்ட்டுக்கு அடியில் மறைந்துபோகும் அந்தக் கைகளின் பெயரை வண்டியைத் தூக்கிப் பார்த்தவர் யாரும் கேட்பதில்லை.

காயமும் அப்படியே மறைகிறது. எஃகுக் குழாய் அடிபட்டால் பெரும்பாலும் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கார்பனில் மேற்பூச்சு அப்படியே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அனுபவசாலிகள் அந்த இடத்தை நாணயத்தால் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். கணீரென்று வந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் மந்தமாக விழுந்தால் சந்தேகம். அதன்பின் தெரிந்தவரிடம் சோதிக்காமல் அதில் ஏறமாட்டார்கள். வாங்கிய வாரத்தில் தன் வண்டியை அப்படித் தட்டிப் பார்க்கும் மனம் யாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த வாரத்தில்தான் நாம் அதைப் பற்றி மிக அதிகமாகப் பேசுகிறோம்.

"வாங்கலாமா?" என்று கேட்டவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அவனிடம் இருப்பது மூன்று வருடம் ஓடிய அலுமினிய வண்டி. பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் நீளமானது. முதலில் இந்த வண்டியையே அவனிடம் கொடுத்து முட்டுக்காடுவரை ஓட்டிவரச் சொல்லலாம். திரும்பி வந்ததும், உன் வண்டிக்கு நல்ல டயர் இரண்டு போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து, ஹேண்டில்பாரை உன் முதுகுக்கு ஏற்ப இறக்கி, ஒரு மாதம் ஓட்டிப் பார் தம்பி; அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்று தோன்றினால் வா, இந்த வண்டியில் எனக்குப் பிடிக்காதவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.