இரண்டரை ஷில்லிங்

ஆங்கில எழுத்தாளர் ஜே. பி. ப்ரீஸ்ட்லியின் ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகம் 1945இல் முதன்முதலாக சோவியத் நாட்டில் மேடையேறியது. கதை நடப்பது 1912இல், இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில்.

ஆலை முதலாளி பர்லிங் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து. சாப்பாடு முடிந்ததும் அவர் வருங்கால மருமகனிடம் குரலைத் தாழ்த்தி ஒரு சேதி சொல்கிறார்: தனக்கு ‘சர்’ பட்டம் வரும்போல் இருக்கிறது, அதுவரை வீட்டுப் பெயர் கெடாமல் இருந்தால் சரி.

கொஞ்ச நேரத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறார். ஈவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினியைக் குடித்துச் செத்துப்போனாள் என்கிறார். முன்பு பர்லிங்கின் ஆலையில் வேலை பார்த்தவள். வாரக் கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸை 25 ஷில்லிங் ஆக்கச் சொல்லி, வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவள். வேலை போயிற்று.

விசாரிக்க விசாரிக்க, அவள் சாவில் அந்த வீட்டில் எல்லோருக்குமே பங்கு இருப்பது தெரிகிறது. அவளுக்குக் கொடுப்பதற்காக மகன் ஆபீஸ் பணத்தில் ஐம்பது பவுண்டு வரை கையாடியிருக்கிறான். பர்லிங்குக்கு உடனே பதறுவது கணக்குப் புத்தகத்தை நினைத்துத்தான். அதை எப்படி மூடிமறைப்பது? பத்திரிகையில் வந்துவிட்டால்? கடைசியில், ஆயிரக்கணக்கில் வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டரை ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு ஆறரை பவுண்டு. ஓர் ஆயிரம் பவுண்டில் அவள் கேட்ட உயர்வை நூற்றைம்பது வருஷத்துக்குக் கொடுத்திருக்கலாம்!

அப்புறம்தான் வேடிக்கை. வந்தவர் உண்மையான இன்ஸ்பெக்டரே இல்லை என்று தெரியவருகிறது. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால், அப்படி எந்தப் பெண்ணும் அங்கே சாகவில்லை என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்கும் மூச்சு வந்தது. பர்லிங் சிரிக்கிறார், மது ஊற்றுகிறார். மகளுக்கும் மகனுக்கும் மட்டும் சிரிப்பு வரவில்லை. வந்தவர் யாராக இருந்தால் என்ன, நாம் செய்தது செய்ததுதானே என்கிறார்கள். அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை, இன்னும் கிண்டல்தான்.

அப்போது டெலிபோன் மணி அடிக்கிறது. பர்லிங்தான் எடுக்கிறார். போலீஸ். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பெண் இறந்துவிட்டாளாம். விசாரிக்க இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறாராம்.