அறிவு எனும் அமானிதம்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது? கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையில் சற்றே தங்கி, மணிமுத்தாற்றில் கலந்து, வெள்ளாற்றைச் சேர்ந்து, இறுதியில் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. ஆகவே, கள்ளக்குறிச்சிச் சீமையில் வாழும் நாம் கடலுக்கு அந்நியரல்லர். கடலும் நம்மை மறப்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுவைக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நம் மாவட்டத்திலும் பெருமழையாய்க் கொட்டிற்றன்றோ!

பூமியில் மிகுந்துவரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே உட்கொள்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைச் சுமக்க வல்லதாகிறது. இவற்றை ஆய்ந்தறிந்தவர் சிலர். இவற்றால் வாழ்வோ தாழ்வோ அடைபவர் கோடிப் பேர். அந்தச் சிலர் தாம் அறிந்ததை எங்ஙனம் சொல்ல வேண்டும்? கேட்கும் நாம் எங்ஙனம் ஏற்க வேண்டும்? இது விஞ்ஞான வினா மட்டுமன்று, ஒழுக்க வினாவுமாகும்.

நம் ஆறு கடலில் கலக்கும் அதே பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே பணிபுரிந்த பேராசிரியர் கதிரேசன் அவர்கள் அலையாத்திக் காடுகளை ஆய்ந்தவர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து சென்றபின், அவரும் இராஜேந்திரன் அவர்களும் அக்கரையின் 18 மீனவச் சிற்றூர்களின் இழப்பைக் கணக்கிட்டனர். காடு காத்த ஊர்களில் உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் குறைவு என்று 2005-இல் எழுதினர்.

மறு ஆண்டே, அதே ஆய்விதழில் வெளிநாட்டு அறிஞர் மூவர் மறுத்தெழுதினர். கடலிலிருந்து ஊருக்கிருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே ஊர்களைக் காத்தன. காட்டின் பங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர்தம் வாதம். பின்னர் வேறு இருவர் அக்கணக்கை மீண்டும் புரட்டிப் பார்த்து, காட்டுக்கும் பங்குண்டு என்று எழுதினர்.

"படித்தவர்களே ஒத்துப்போகவில்லையே, நாம் எதை நம்புவது?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நம் முஹத்திஸ்கள் ஒவ்வோர் அறிவிப்பையும், அதைச் சொன்னவரையும் எடை போட்டனர். ஸஹீஹ் எது, ளயீஃப் எது என்று பிரித்தனர். அந்த வாதப் பிரதிவாதத்தால் இல்மு சிதைந்ததா? இல்லை, வலுப்பெற்றது. நெடுந்தொலைவு கடந்து வந்தவர் கேட்ட வினாக்கள் பலவற்றுக்கு, "லா அத்ரீ - அறியேன்" என்று மறுமொழி சொன்னார்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள். அதனால் அவர்களின் மதிப்பு குன்றியதா? அறிந்ததென்று அவர்கள் சொன்னவை மேலும் உறுதி பெற்றன.

அறிவு ஓர் அமானிதம். அதை மறைப்பவன் மோசம் செய்கிறான். கூட்டிச் சொல்பவனும் மோசமே செய்கிறான். புயல் வருமென்று அறிந்தும் வாய் திறவாதவனால் இன்று உயிர் போகும். அறிந்ததற்கு மேல் அச்சுறுத்துபவனால், அடுத்த எச்சரிக்கையை எவரும் செவிமடுக்காமல் நாளை உயிர் போகும். ஆதலால், எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் அதற்குரிய எடையோடு சொல்வதே ஆலிமின் கடன். அவர் கடலைக் கற்றவராயினும் சரி, கிதாபைக் கற்றவராயினும் சரி.

கேட்பவர்க்கும் கடனுண்டு. "முற்றும் உறுதியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று சோம்பியிருப்பது பேணுதலன்று. வானம் இருண்டால், மழை உறுதிதானா என்று விவாதித்துக்கொண்டு களத்து நெல்லை நனைய விடும் உழவன் நம்மூரில் உண்டோ? மலையின் மரத்தைப் பேணுவதற்கும், ஏரியின் வாய்க்காலைத் தூர்க்காதிருப்பதற்கும் இனியொரு சான்று வேண்டியதில்லை.

அறிந்ததை மறைக்காத நாவையும், கேட்டதை எடைபோடும் நெஞ்சையும் வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக!