கொள்ளைநோயும் உளத்துயரும்: திலகவதியார் காட்டிய நெறி



கொரோனா என்னுங் கொள்ளைநோயை உலக சுகாதார நிறுவனத்தார் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆந் திகதி உலகப் பெருந்தொற்றெனச் சாற்றினர். இரண்டு நாளில் இலங்கைப் பாடசாலைகளெல்லாம் மூடப்பட்டன. அன்று பூட்டிய கதவுகள் இடையிடையே திறந்தும் மீண்டும் அடைத்தும் ஏறக்குறைய இரண்டு வருடங் கழிந்தன. 2020 ஆம் ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும் நடந்தன. இந்நாட்டிலே 16,000 பேருக்கு மேல் அந்நோயால் மாண்டனர். 2023 மே மாதம் 5 ஆந் திகதி, உலகளாவிய அவசரநிலை நீங்கிற்றென்று அந்நிறுவனத்தாரே அறிவித்தனர்.

நோய் நீங்கிற்றே, நீங்கிய நோயைப்பற்றி இப்பொழுது பேசுதல் எற்றுக்கு என்பீராயின், கூறுதும். உடம்பைப் பற்றிய நோய் தணிந்தது. உள்ளத்தைப் பற்றிய நோயோ இன்னும் நம் வகுப்பறை வாங்குகளில் வந்து அமர்ந்திருக்கின்றது. அப்பெருந்தொற்றின் முதலாண்டிலே மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகமெங்கும் 25 வீதம் பெருகின என்றும், இளைஞரும் பெண்களுமே அவற்றால் மிக வருந்தினர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்டது. அவ்விளைஞரிற் பலர் நம்முன் இருந்து பாடங் கேட்பவரன்றோ? ஆதலின் இஃது ஆசிரியர் கடனுள் அடங்கும் பொருளேயாம்.

பிறர்க்கு நெறி சொல்லப் புகுமுன் எமது பிழையொன்றைச் சொல்லிவிடுதல் முறை.

2021 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, நோய் கடுகிப் பரவிய காலத்தில், எமது மாணாக்கனொருவனுடைய தந்தையார் வைத்தியசாலையில் இறந்தார். அவர் நாட்கூலி செய்து வாழ்ந்தவர். பிரேதம் வீட்டுக்கு வரவில்லை. வாய்க்கரிசியில்லை, சுண்ணப்பாட்டில்லை, மூத்த மகனாகிய அச்சிறுவன் கொள்ளி வைக்கவுமில்லை. பத்து நாட் கழித்து யாம் போய்ப் படலையின் புறத்தே நின்று, திண்ணையில் இருந்த அவன் தாயாரை நோக்கி, "எல்லாம் வினைப்பயன், பிள்ளை, மனத்தைத் தேற்றிக்கொள்" என்று கூறி மீண்டோம். நல்வார்த்தை சொல்லி வந்தோமென்றே எண்ணினோம்.

அவ்வருடம் ஒக்டோபர் முதலாகப் பாடசாலைகள் படிப்படியாகத் திறந்தன. அச்சிறுவன் வரவில்லை. மூன்று வாரம் பார்த்து, மறுபடியும் அவ்வீட்டுக்குப் போனோம். உண்ணுதலும் உறங்குதலும் குன்றி மெலிந்திருந்த பிள்ளை, நெடுநேரம் பேசாதிருந்து, பின் எம்மை நோக்கி, "ஐயா, அப்பா செத்தது என்னாலேதானே? முதலிலே எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. வினை என்று நீங்கள் சொன்னது அதைத்தானே?" என்று கேட்டான்.

முப்பது வருடமாகச் சைவசமய பாடஞ் சொன்ன எமது வாய் அன்று அடைத்துக்கொண்டது. தாய்க்கென்று சொல்லிய சொல் கதவின் பின்னே நின்ற மகன் செவியில் நஞ்சாய் இறங்கிற்று. அவனோ அதனைத் தன்மேற் சுமத்திய குற்றமென்று கொண்டு இரண்டு திங்கள் சுமந்தான்.

வினைக்கொள்கை பொய்யோ எனின், அன்று. அதனை யாம் ஆண்ட இடமே பிழை. வினை சடமாதலின் தானே சென்று செய்தவனைப் பற்றமாட்டாது. உயிர் சிற்றறிவுடையதாதலின் தன் வினையைத் தானே அறிந்து கொள்ளவும் மாட்டாது. அறிந்து கூட்டுவிப்பவன் பதியாகிய சிவபெருமான் ஒருவனே என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாக, இன்னாருக்கு இத்துன்பம் இன்ன வினையால் வந்ததெனப் பிறிதோருயிரைப்பற்றி முடிவு கூற நமக்கு உரிமை யாது? தனக்கு வந்த துன்பத்தை ஒருவன் பிராரத்தமெனக் கொண்டு பொறுப்பானாயின், அது அவனுக்கு ஊன்றுகோல். அதே கோலை எடுத்துப் பிறன் முதுகில் அறைந்தால் அது தண்டாயுதம். பிறர் துன்பத்தைக் கண்டவிடத்து நாம் ஆராயவேண்டுவது அவருடைய பழவினையையன்று. அவ்வேளை நாம் செய்யும் செயலாகிய நமது ஆகாமியத்தையே.

இதனை எமக்குத் தெளிவித்தது நாம் ஆண்டுதோறும் மாணாக்கர்க்குச் சொல்லும் பெரியபுராணக் கதையே. அன்றிரவு திருநாவுக்கரசு நாயனார் புராணத்தை மறுபடியும் எடுத்துப் படித்தோம். நாயனாரை நோக்கியே படித்துவந்த கண்ணுக்கு அன்று திலகவதியார் தோன்றினார்.

அவ்வம்மையார் அடைந்த துயரம் யாது? தந்தையார் புகழனார் நோயால் இறந்தார். தாயார் மாதினியார் உடன் மாய்ந்தார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரிலே பட்டார். இழவின்மேல் இழவு வந்துற்ற அவ்விளம்பெண் தாமும் உயிர்துறக்கத் துணிந்தார். நம் முன்னோர் இதனை மறையாது எழுதிவைத்தனர் என்பதைக் குறித்துக்கொள்க. அடியார் வரலாற்றிலும் உயிரை வெறுத்த ஒருநாள் உண்டு. அதனைச் சொல்லுதல் இழுக்கன்று. அவரை உலகத்தில் நிறுத்தியது யாதெனின், வேதாந்த விசாரமன்று. சிறுவராகிய மருணீக்கியார் காலில் விழுந்து, பெற்றோருக்குப் பின் உம்மை நம்பியன்றோ இருக்கின்றேன், நீரும் போவீராயின் யான் முன்னே போவேன் என்று அழுதார். தம்பி வாழவேண்டுமே என்னும் அவ்வெண்ணமொன்றே அம்மையார் உயிரைத் தாங்கிற்று.

இது முதலாவது பாடம். துயருற்றவனுக்கு, உன்னால் இன்னும் ஒருவருக்குப் பயன் உண்டென்பதைக் காட்டுக. நெடுந்தூரத்து ஆறுதலினும் அருகிலுள்ள பொறுப்பு வலிது.

இரண்டாவது பாடம் நியமம். அம்மையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, விடியுமுன் எழுந்து திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை கட்டிவந்தார். துயரம் நீங்கியபின் அவற்றைத் தொடங்கினாரல்லர், துயரத்தோடு செய்தார். பொழுது விடிந்தால் கை செய்யவேண்டிய தொழிலொன்று உண்டென்பது தளர்ந்த மனத்திற்கு ஒரு கைப்பிடி. ஊரடங்கு நாட்களில் நம்மை வருத்தியது அச்சம் மாத்திரமன்று. காலைக்கும் மாலைக்கும் வேற்றுமையற்றுப்போன வெறுமையுமாம். வேளைக்கு எழுந்து, நீராடி, திருநீறணிந்து, திருமுறை ஓதி, வேளைக்கு உண்டு உறங்கிய வீடுகளில் பிள்ளைகள் அவ்வளவு சிதறவில்லை என்பதை நாம் நேரே கண்டோம். நாட்கடன்களை ஒழுங்கு தவறாது செய்தலே மனத்திற்கு நன்றென உளமருத்துவரும் கூறுகின்றனர். நம் பெரியோர் அதனைச் சரியை என்று பெயரிட்டு நமக்கு முன்னமே தந்தனர்.

மூன்றாவது பாடமே எம்மை நாணச் செய்தது. தம்பியார் வேறு சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரோடு நெடுங்காலம் இருந்து, சூலைநோயால் துடித்து ஆளனுப்பினார். அம்மையார் அங்கே வர இசைந்திலர். ஆயினும் நள்ளிரவில் அவரே தேடிவந்து காலில் விழுந்தபொழுது, நீ செய்தது என்ன தெரியுமா என்று தொடங்கினாரல்லர். அந்நோயின் காரணத்தை அறியாதவரோ அவர்? இறைவனே கனவில் உணர்த்தியதாகப் புராணங் கூறுகின்றது. காரணம் அறிந்த அவர் குற்றம் எடுத்துரைத்திலர், இறைவன் திருவருளென்று தேற்றி எழுப்பினார், திருநீறளித்தார், விடியும்வேளை திருவலகும் திருமெழுக்குந் தோண்டியும் எடுத்துக்கொண்டு தாம் போகும்பொழுது தம்பியாரையும் உடன் கூட்டிச்சென்றார். காரணம் ஒன்றும் அறியாத யாமோ படலைக்கு வெளியே நின்று வினையென்று சொல்லி மீண்டோம்.

அன்பர்களே, இங்கே ஒரு தடை எழும். நாயனாருடைய சூலை திருவதிகைத் திருப்பதிகத்தால் நீங்கிற்று. திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூரிலே தம் அடியாரைப் பற்றிய சுரத்தைத் திருநீலகண்டத் திருப்பதிகத்தால் நீக்கினார். ஆகவே பதிகம் ஓதினாற் போதாதோ, மருத்துவரிடம் போவது அவநம்பிக்கையன்றோ என்பர் சிலர். பதிகம் ஓதுதல் வேண்டும். கூடி ஓதுதல் இன்னும் வேண்டும். தனித்து அஞ்சும் உள்ளம் கூட்டத்தின் குரலிலே தன் குரலைக் கேட்டுத் தெளிகின்றது. ஆயினும், ஓதுவதனால் மருந்தை விலக்குக என்று எப்பதிகமும் விதிக்கவில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தை வருத்திய 1877 ஆம் ஆண்டளவிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பிரசங்கத்தோடு அமைந்தாரோ? கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவரினும் சிவபத்தியில் மிக்கோம் என்பார் நம்முள் யார்? மருந்தின் ஆற்றலும் மருத்துவன் அறிவும் திருவருளுக்குப் புறம்பானவையல்ல.

எலும்பு முறிந்தால் வைத்தியசாலைக்கு ஓடும் நாம், மனம் முறிந்தால் மாத்திரம் ஊரார் அறிவரே என்று ஒளிக்கின்றோம். சூலை வயிற்றிற் பற்றியது. சோர்வு மனத்திற் பற்றியது. இரண்டும் பிணியே. ஒன்றற்கு நாணாத நாம் மற்றொன்றற்கு ஏன் நாணவேண்டும்?

யாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எமக்குக் கணிதங் கற்பித்த ஆசிரியர் கிறிஸ்தவர். யாம் காய்ச்சலாய்க் கிடந்து நான்கு நாள் போகாதிருந்தபொழுது, ஐந்தாம் நாள் மாலையில் துவிச்சக்கரவண்டியில் எமது வீட்டுக்கு வந்தார். சமயம் பேசவில்லை, பாடமும் பேசவில்லை. பாயருகில் இருந்து, "உன் இடம் வெறுமையாயிருக்கிறது" என்று மாத்திரஞ் சொன்னார். அவ்வார்த்தை எம்மை எழுப்பிற்று. நல்லதை எங்கே கண்டாலும் கொள்ளுதல் சைவர்க்கு இழிவாகாது.

இனி அச்சிறுவனுடைய செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டும். தாயாரை இசைவித்து அவனை அரசினர் வைத்தியசாலையின் உளநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலிற் செய்தது அவன் வினாவுக்கு விடை கூறியதே. முதலிற் காய்ச்சல் கண்டவனே நோயைக் கொணர்ந்தவன் என்பது நியதியன்று. அறிகுறி சிறிதுமின்றி நோயைப் பிறர்க்குக் கொடுப்பாரும் உளர். ஆதலால் யாரிடமிருந்து யாருக்கு வந்ததென ஒருவராலும் சொல்லமுடியாது என்று விளக்கினார். அதன்பின் யாமும் அவன் முன்னிலையிலே, "யான் சொன்னது பிழை, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று சொன்னோம். மாணாக்கன்முன் பிழையை ஒப்புக்கொள்ளுதல் அரிதென்றிருந்தோம். சொல்லிப் பார்த்தபின் அது அரிதாகத் தோன்றவில்லை. காலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்து விளக்கேற்றும் பணியை அவனுக்குக் கொடுத்தோம். முதல் மாதம் சில நாள் வந்தான். சில நாள் வரவில்லை. பின்பு தவறாது வந்தான். முற்றாகத் தேறினானென்று யாம் சொல்லத் துணியோம். இன்றும் மாரிகாலத்தில் எவரேனும் இருமினால் அவன் முகம் வேறுபடுகின்றது. ஆயினும் உண்ணுகின்றான், உறங்குகின்றான், கற்கின்றான்.

ஆதலின், சைவாசிரியர்காள், நாம் செய்யத்தக்கவை இவை. நாள்வரவேட்டிலே வராதவன் பெயருக்கு நேரே கோடு கீறிவிட்டு அமையாது, ஏன் வரவில்லை என்று போய்க் கேளுங்கள். உண்ணாமை, உறங்காமை, விளையாட்டை வெறுத்தல், தன்னைத்தானே பழித்தல், இருந்தென்ன பயன் என்னும் பேச்சு ஆகிய குறிகளைக் கண்டால் நாட்கடத்த வேண்டாம். பெற்றோரோடு பேசி உளமருத்துவரிடம் சேருங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணை உங்கள் மேசையில் எழுதி வைத்திருங்கள். ஒரு பிள்ளை சொல்லியதை ஆசிரியர் அறையிற் கதையாக்காதீர்கள். ஈமக்கடன் செய்யப்பெறாத வீட்டாருக்குப் பின்னொரு நாளிலேனும் கூடியிருந்து திருமுறை ஓதிக் கொடுங்கள். அழுதற்கு இடம் பெறாத துயரம் உள்ளே புண்ணாகும். 2020 ஏப்பிரல் முதல் 2021 பெப்ரவரி வரையில் இறந்தோரைப் புதைக்கவும் விடப்பெறாது வருந்திய நம் இசுலாமிய அயலவரையும் அவ்வேளை நினைந்துகொள்ளுங்கள். நுமது மனந் தளர்ந்தால் அதனையும் ஒருவரிடஞ் சொல்லுங்கள். ஆசிரியனென்பதால் உள்ளம் இரும்பாகிவிடாது.

இன்னுமொரு நோய் வாராதென்று எவரும் உறுதி கூறார். அது வருங்காலத்து, படலைக்கு வெளியே நின்று காரணம் உரைப்பவராய் இராது, விடியற்காலத்தில் திருவலகை எடுத்துக்கொண்டு துயருற்றவனையும் உடன் கூட்டிச்செல்லும் திலகவதியார் போல இருக்க, எல்லாம் வல்ல சிவபெருமான் நமக்குத் திருவருள் பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.