இடம் போதாது என்ற நியாயம்

நோர்வேயில் குடியேறிய நம்மவர் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கும் பழம்பெரும் கோவில்களுள் போர்குண்ட் மரக்கோவிலும் ஒன்று. 1180ஆம் ஆண்டளவில் வெட்டிய பைன் மரங்களால் ஆனது. அந்நாட்டு மக்கள் கத்தோலிக்கராயிருந்த காலத்தில் திருப்பலிக்கென எழுப்பியது. 1537க்குப் பின் லூத்தரன் சபையின் வசமாயிற்று. மழையும் பனியும் ஓயாத அம்மலைநாட்டில் மரம் எப்படி எண்ணூறு ஆண்டுகள் தாங்கிற்று? தூண்களை மண்ணில் நடாமல், கல்லின்மேல் கிடத்திய உத்தரங்களில் நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாய்த் தார் பூசினார்கள்.

இத்தகைய கோவில்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. இன்று 28 மட்டுமே. பல உக்கி விழுந்தன. ஆனால் எஞ்சியவற்றுட் பலவற்றை இடிக்கச் செய்தது 1851இல் வந்த ஒரு சட்டம்: பங்கு மக்களில் பத்தில் மூவருக்காவது கோவிலில் இடமிருக்க வேண்டும் என்பது. தீய எண்ணம் எதுவுமில்லை. மக்கள் பெருகினர்; இடம் போதவில்லை.

இந்த நியாயத்தை நாம் கேட்டதில்லையா?

சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊரான சங்கானையில் போர்த்துக்கேயர் காலத்துக் கோவிலொன்று பாழாய் நிற்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதையும் எடுத்துக்கொண்டார்கள். 1672இல் வெளிவந்த பால்தேயு பாதிரியாரின் நூலில் அதற்கும் இடமுண்டு. இன்று முருகைக்கற் சுவர்கள் இருக்கின்றன, கூரை இல்லை. அங்கே பார்க்க ஆளிருந்ததால் மரமே நின்றது. இங்கே கல்லுக்கும் கதி இதுதான்.

போர்குண்டின் முன் நின்று படமெடுத்து அனுப்பும் அதே கை, ஊரில் பாட்டன் கட்டிய கோவிலை இடித்துப் புதிதாய்க் கட்டக் காசும் அனுப்புகிறது. அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. திருநாளன்று வெயிலில் நிற்கும் கிழவிக்கு நிழல் வேண்டும், கோவில் மனிதருக்காகத்தான். ஆனால் பாதிப்பேர் கடல்கடந்துவிட்ட ஊரில், வருடத்தில் எத்தனை ஞாயிறு இடம் போதாமற் போகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தோமா? (திருநாளுக்குப் பந்தல் போட நமக்குத் தெரியாதா என்ன!)

இதைவிடக் கடினமான கேள்வி, அது யாருடைய கோவில் என்பது. பிடியரிசி சேர்த்தவள், வளவில் நின்ற வைரப்பனையைத் தீராந்திக்குத் தறித்துக் கொடுத்தவன், இவர்கள் பங்குக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். இனிப் பிறப்போரும் வரமாட்டார்கள். வந்திருப்பவர்களின் கைகளை மட்டும் எண்ணி இடிக்கத் தீர்மானிப்பது சட்டப்படி சரியாயிருக்கலாம், நீதியாகுமா? உக்கிய தீராந்தியை மாற்றுவது வேறு, அதைச் சாட்டாக வைத்துச் சுவரையும் தள்ளுவது வேறு. போரில் இழந்த ஆலயங்களுக்கு அழுதோம். இதற்கு மணியடித்து அடிக்கல் நாட்டுகிறோம்.

போர்குண்ட் மக்களும் இடமின்றித்தான் இருந்தார்கள். 1868இல் அருகிலேயே புதுக்கோவில் கட்டினார்கள். பழையதைப் புராதனச் சின்னங்களைக் காக்கும் சங்கமொன்று 1877இல் விலைக்கு வாங்கிற்று. இரண்டும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.